கேளிரா, கேளீரா? தமிழில் பச்சை குத்தப் போகிறவர்களுக்கு

‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்று முன்கையில் டாட்டூ போட்டுக்கொள்வது இப்போது சகஜமாகிவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் ‘கேளீர்’ என்று குத்தியிருக்கும் கைகளும் கண்ணில் படுகின்றன. கேளிர் என்றால் உறவினர். கேளீர் என்றால் ‘கேளுங்கள்’. ளி-க்கும் ளீ-க்கும் நடுவே ஒரு சின்னச் சுழிதான் வித்தியாசம். அந்தச் சுழி வந்து உட்கார்ந்ததும் கணியன் பூங்குன்றனார் மைக்கைப் பிடித்து ‘எல்லாரும் கேளுங்கப்பா’ என்று சத்தம் போடுகிறவராகிவிடுகிறார்.

இது எழுத்துப்பிழை மட்டும் இல்லை. புறநானூற்றின் 192-ஆம் பாட்டு மொத்தமே 13 அடி. அதை ஒருமுறை முழுதாகப் படித்தவருக்கு கேளிரில் தடுமாற்றம் வராது. படித்தால் இன்னொன்றும் நடக்கும். முதல் அடியை விட்டுவிட்டு, ‘பெரியோரை வியத்தலும் இலமே’ என்ற அடிதான் தனக்கானது என்று சிலருக்குத் தோன்றும். என்னைக் கேட்டால், தனக்கென்று அர்த்தமுள்ள டிசைன் அப்படித்தான் கிடைக்கும். ‘ஆமை என்றால் நீண்ட ஆயுள், அம்பு என்றால் முன்னேற்றம்’ என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த அர்த்தம் பட்டியல் போட்டவருடையது.

மொழிபெயர்ப்புச் செயலியில் ஆங்கிலச் சொல்லைப் போட்டுத் தமிழை எடுப்பதும் அதே ரகம். ‘ஃப்ரீ’ என்று போட்டால் ‘இலவசம்’ வரலாம். ‘லவ்’ என்று போட்டு வந்த ‘காதல்’ அம்மாவின் பெயருக்குக் கீழே உட்கார்ந்தால் என்ன ஆகும்? அங்கே வேண்டியது ‘அன்பு’.

சரி, வரி முடிவாகிவிட்டது. அது உடம்பில் அடங்குமா? முன்கையின் உள்பக்கம், மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்பு வரை, பெரியவர்களுக்குச் சுமார் 24 செ.மீ. இரு முனையிலும் மூன்று மூன்று செ.மீ. விட வேண்டும். மடிப்பில் மை சீராக நிற்காது. மீதி 18. எழுத்தின் உயரம் 1 செ.மீ. என்றால் ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ ஏறக்குறைய அந்த 18-ஐயும் தின்றுவிடும். யா, ரே, கே ஒவ்வொன்றும் இரண்டு எழுத்து இடம் பிடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி’ 15 எழுத்து, 20 செ.மீ.யை நெருங்கும். ஒரு குறளை இரண்டு வரியில் முன்கையில் அடக்க ஆசைப்பட்டால் எழுத்து சுருங்கும். தமிழ் எழுத்து சுருங்கினால் தாங்காது.

ஏன் தாங்காது? ஊசி மையைத் தோலின் இரண்டாம் அடுக்கில், ஒன்று முதல் இரண்டு மி.மீ. ஆழத்தில் விடுகிறது. மெல்லிய கோடும் ஆற ஆறக் கொஞ்சம் தடிக்கும், பத்து வருஷத்தில் இன்னும் தடிக்கும். ஆங்கிலத்து ஐ, எல் போன்றவை வெறும் கோடுகள். தமிழில் ண, ஞ, ஐ, ஜ எல்லாம் சுழிகள். கண்ணன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சுழி ண இரண்டு முறையும் ரெண்டு சுழி ன ஒரு முறையும் அடுத்தடுத்து வருகின்றன. சுழியின் உள்வெளி ஒரு மி.மீ.க்கும் குறைவாக இருந்தால் சில வருஷத்தில் அடைத்துக்கொண்டு மூன்றும் ஒரே கறுப்புப் பொட்டாகிவிடும். மிகச் சின்னச் சுழிக்குள்ளும் 2 மி.மீ. வெளி இருக்கட்டும். அப்படிப் பார்த்தால் ண இருக்கும் சொல்லுக்கு எழுத்துயரம் 12 முதல் 15 மி.மீ. வைப்பதுதான் உசிதம். விரல், மணிக்கட்டின் உள்பக்கம், கணுக்கால் ஆகிய இடங்களில் தோல் மெல்லிசு. ஊசி சற்று ஆழமாக இறங்கினாலும் கோட்டைச் சுற்றி நீலநிழல் பரவும். விரலில் தமிழ் எழுத்து வேண்டவே வேண்டாம்.

புள்ளி தனிக்கதை. அதைத் தூசி என்று நினைத்து அழித்துவிடும், தமிழ் தெரியாத ஆர்ட்டிஸ்ட்கள் உண்டு. ‘அம்மா’ அமமா ஆவது அப்படித்தான். மிகச் சின்னப் புள்ளி ஆறும்போது பொருக்கோடு உதிர்ந்தும் போகலாம். குறைந்தது ஒன்றரை மி.மீ. விட்டம், நிறைந்த புள்ளி, எழுத்தின் தலையிலிருந்து 2 மி.மீ. தள்ளி. நடுவில் வெளி விட்ட வட்டப்புள்ளி காகிதத்தில் அழகு, தோலில் அடைந்துவிடும்.

ஸ்டுடியோவுக்கு வாட்ஸ்அப்பில் வாக்கியத்தை டைப் செய்து அனுப்பாதீர்கள். அதை அவர்கள் போட்டோஷாப்பில் ஒட்டுவார்கள். இந்திய மொழிகளுக்கான அமைப்பு அதில் இயக்கப்படாமல் இருந்தால் கொம்பு இடம் மாறி, எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டியது பின்னால் போய் நிற்கும். தமிழ் தெரியாதவர் கண்ணுக்கு அது டிசைனாகவே தெரியும். படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ மட்டும் கொடுங்கள். பாரதியின் ‘ரௌத்திரம் பழகு’ கேட்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். டைப் செய்யும்போது ஔகாரக் குறிக்குப் பதில் ள போட்டு ‘ரெளத்திரம்’ ஆக்கிவிடுகிறார்கள். ஔகாரக் குறி தன் எழுத்தோடு நெருங்கி நிற்க வேண்டும். தனி ள-வாக விலகி நின்றால் படிக்கிறவர் ‘ரெ-ள-த்திரம்’ என்று எழுத்துக்கூட்டுவார். கணினி எழுத்துருவே வேண்டாம் என்றால் சுவரெழுத்து எழுதும் ஓவியர் ஒருவருக்குக் காசு கொடுத்து எழுதி வாங்குங்கள். அவர் கைக்கு எழுத்தின் எடை தெரியும்.

என் முதல் தேர்வு ஓவியர் கையெழுத்துகூட இல்லை. வீட்டில் இருக்கும் கையெழுத்து. அப்பாவின் கடிதம், பாட்டியின் மளிகைச் சீட்டு, அம்மாவின் கணக்கு நோட்டு. அதிலிருந்து ஒரு வாக்கியம் வேண்டாம், ஒரு சொல் போதும். அதைவிடச் சின்னதாக வேண்டுமா? பக்கத்தின் தலையில் போட்ட பிள்ளையார் சுழி. உ ஒன்றுதான், ஆனால் ஒவ்வொருவர் கையிலும் அது ஒவ்வொரு மாதிரி வளையும், சிலர் அடியில் இரண்டு கோடு இழுப்பார்கள். ஒற்றை இழுப்பு, உள்ளே தாராளமான வெளி. தோலுக்கென்றே செய்தது மாதிரி.

எடுக்கும் விதம்: ஸ்கேனரில் 600 டிபிஐ. ஸ்கேனர் இல்லையென்றால் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து போட்டோ. பால்பாயின்ட் கோடு அரை மி.மீ. இருக்கும், எழுத்தும் பொடியாக இருக்கும். அதே அளவில் குத்தினால் நிற்காது. 100, 150, 200 சதவீதம் என மூன்று அளவில் பிரின்ட் எடுத்து, வெட்டிக் கையில் ஒட்டி, ஆறடி தள்ளி ஒருவரை நிற்க வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 200 தான் ஜெயிக்கும். ஆர்ட்டிஸ்டிடம் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிட வேண்டும்: கோணலை நேராக்காதே. நடுங்கிய கோடு நடுங்கியபடியே வரட்டும், அதற்காகத்தானே இவ்வளவும்.

கோலம் கேட்கிறவர்கள் அந்தக் காலத்துப் பாட்டிகளின் கைகளைக் கவனித்துப் பார்க்கலாம். குறத்தியர் விளக்குக்கரியால் குத்திய கோலம் அறுபது வருஷம் கழித்தும் கோலமாகவே தெரிகிறது. காரணம், தடித்த கோடு, அகன்ற இடைவெளி. கரி கறுப்புதான், தோலுக்கு அடியில் இருப்பதால் பச்சையும் நீலமுமாகத் தெரிகிறது, பெயரும் அப்படி வந்ததுதான். இன்று இன்ஸ்டாகிராமில் வரும் மயிரிழைச் சிக்குக்கோலம் அன்று மாலை போட்டோவுக்கு மட்டும் நன்றாக இருக்கும். கட்டத்துக்குள் 4 மி.மீ. வெளி வையுங்கள். தோள்பட்டை உருண்டை, அங்கே சமச்சீர் கெடும். முன்கையோ மேல்முதுகோ பரவாயில்லை.

தமிழியில், அதாவது பழைய கல்வெட்டுகளில் வரும் தமிழ் பிராமி எழுத்தில், பெயர் போடும் மோகம் பற்றி ஒரு வார்த்தை. இணைய மாற்றிகளில் பல பொதுவான பிராமிக்கானவை. தமிழுக்கென்றே உள்ள ழ, ள, ற, ன வரும் இடத்தில் கட்டமோ வேறு எழுத்தோ வந்து நிற்கும். கல்வெட்டு எழுத்து படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் போகாதீர்கள்.

முகம் வேண்டுமென்றால் 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது, மூலப்படம் தெளிவாக இருக்க வேண்டும். அஞ்சலி பேனருக்காகப் பெரிதாக்கிய பாஸ்போர்ட் போட்டோவிலிருந்து யாராலும் கண்ணைக் கொண்டுவர முடியாது. விரல்ரேகைக்கும் இதே கதி. ரேகைகளுக்கு நடுவே அரை மி.மீ.தான் இருக்கிறது, மூன்று மடங்காவது பெரிதாக்க வேண்டும். மாநிறத்திலும் கறுப்பிலும் மஞ்சள், வெள்ளை மை எடுபடாது. காது குத்திய இடத்தில் தழும்பு புடைத்து வளர்ந்தவர்கள் நெஞ்சையும் தோளையும் தவிர்த்து, முதலில் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ராணுவம், துணை ராணுவம் என்று கனவிருக்கும் தம்பிகள் இடத்தை முதலில் முடிவு செய்யட்டும். ராணுவம் பொதுவாக முன்கையின் உள்பக்கத்தையும் புறங்கையையும் மட்டுமே அனுமதிக்கிறது. மத்திய ஆயுதப்படைத் தேர்வுகளில் முன்கை என்றால் இடது கைதான், ஏனென்றால் வலது சல்யூட் அடிக்கும் கை. அளவும் அந்த உறுப்பின் கால் பங்குக்குள் இருக்க வேண்டும். புஜத்தில் சின்னதாகத்தானே என்று போட்டுவிட்டு லேசரில் அழிப்பது வாரக்கணக்கு இடைவெளி விட்டுப் பல தடவை போகும் வேலை, செலவும் போட்டதைவிட அதிகம்.

கடைசியாக, ஸ்டென்சில், அதாவது குத்துவதற்கு முன் தோலில் ஒட்டிப் பதிக்கும் டிசைன் அச்சு. கையை மேசையில் திருப்பி வைத்தபடி ஒட்ட விடாதீர்கள். எழுந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஒட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் நேர்வரி முறுக்கிக்கொள்ளும். ஒட்டியதும் செல்ஃபி வேண்டாம், அது இடவலம் மாற்றிக் காட்டலாம். பின்கேமராவில் எடுத்து, நீங்கள் என்ன எழுதச் சொன்னீர்கள் என்றே தெரியாத ஒருவருக்கு அனுப்புங்கள். தமிழ் வாத்தியார் கிடைத்தால் உத்தமம். ‘இதை அப்படியே படிச்சுச் சொல்லுங்க’ என்று மட்டும் கேளுங்கள். அவர் எங்காவது ஒரு நொடி தயங்கினால், ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். முன்பணம் போனால் போகட்டும்.