அந்த 34 டிகிரி படம்

சூடு தாங்க முடியவில்லை என்று தையல் ஆலைத் தொழிலாளர்கள் மெஷினை விட்டு எழுந்ததைக் கேலி செய்து, நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்கிற அந்தப் படத்துக்குப் பதில் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஆபீஸ் வாசல் சுவரில் டிஜிட்டல் மீட்டர், அதில் 34. கீழே ஒரு வரி: "வெளியே 38, உள்ளே 34தான். இதுக்கா மெஷினை விட்டு எழுந்தாங்க?"

அந்த மீட்டர் பொய் சொல்லவில்லை. அது காற்றின் சூட்டை அளந்தது. தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறவர் படும் சூட்டை அளக்கவே இல்லை. மதியம் இரண்டு மணிக்கு அந்தத் தகரக் கூரைக்குக் கீழே உள்ளங்கையை மேல்நோக்கி விரித்துப் பாருங்கள், சூடு இறங்குவது தெரியும். கவிழ்த்தால் உள்ளங்கை ஆறிவிடும். காற்று அதே காற்றுதான். கூரையிலிருந்து வருவது கதிர்வீச்சு. சுவர் மீட்டருக்கு அது தெரியாது.

அதை அளக்க 1930-களிலிருந்தே கருவி உண்டு. 15 செ.மீ. குறுக்களவுள்ள மெல்லிய செம்புக் கோளம், வெளியே பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட், நடு மையத்தில் வெப்பமானி முனை. செம்புக்குச் செலவாகும் என்றால் 40 மி.மீ. டேபிள் டென்னிஸ் பந்து போதும்: துளை போட்டு, சென்சாரை மையத்தில் நிறுத்தி, துளையைப் பசையால் அடைத்து, மேட் கறுப்பு அடியுங்கள். சின்னப் பந்தின் அளவைக் காற்றின் சூடு தன் பக்கம் அதிகம் இழுக்கும், அதனால் காற்று வேகத்தையும் சேர்த்தே குறிக்க வேண்டும். உட்கார்ந்தவருக்கு 60 செ.மீ., நிற்பவருக்கு 1.1 மீட்டர் உயரத்தில், அவர் வேலை செய்யும் இடத்திலேயே தொங்கட்டும். செம்புக் கோளம் நிலைக்க 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் படம் எடுத்தால் அது அளவே இல்லை.

காற்று 34, கோளம் 38, காற்று வேகம் நொடிக்கு 0.3 மீட்டர் என்று வையுங்கள். கணக்குப் போட்டால் சுற்றியுள்ள பரப்புகளின் சராசரிக் கதிர்வீச்சு வெப்பநிலை 42-ஐ ஒட்டி வரும். ஈரத்திரி வெப்பமானி (முனையில் ஈரத் திரி சுற்றியது) 28 காட்டினால், 28-இல் 0.7 பங்கும் 38-இல் 0.3 பங்கும் சேர்த்து 31. இதுதான் டபிள்யூபிஜிடி என்கிற வெப்பச் சுமை அளவு. உட்கார்ந்து செய்யும் லேசான வேலைக்கு, வேலையிடச் சூட்டுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 7243 சொல்லும் வரம்பு 30. நடுத்தர உழைப்புக்கு 28. (திரி காய்ந்தாலோ, உப்புத் தண்ணீரில் இறுகினாலோ அளவு ஏறும். காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.)

"வெயில்ல வளர்ந்தவங்க, பழகிடும்" என்பீர்கள். அந்த 30 பழகியவர்களுக்கான வரம்புதான். பழகாதவருக்கு 29.

"ஃபேன் ஓடுதே?" ஓடுகிறது, வேர்வை காய உதவுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூரையின் கதிரை ஃபேன் தடுக்காது.

"ஏசி கேட்கிறாங்க." யார் கேட்டார்கள்? கூரைக்கு வெள்ளைப் பூச்சு, தகரத்துக்கு அடியில் வெப்பத் தடுப்பு, அவ்வளவுதான். கூரையும் சுவரும் சூட்டை முடிந்தவரை குறைவாக வைத்திருக்கும் பொருளில் இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 13-ஆம் பிரிவே சொன்னது.

என்னை வருத்துவது வேறு. சூடு-குளிர் உணர்வுக்கு 1970-இல் டென்மார்க் ஆய்வாளர் ஃபாங்கர் தந்த கணக்கில் ஆறு விஷயம் உண்டு: காற்றின் சூடு, கதிர்வீச்சு, ஈரப்பதம், காற்றோட்டம், உழைப்பு, உடுப்பு. அந்த ஆறும் சேர்ந்து ஊகிப்பது, குளிர் மைனஸ் 3 முதல் சூடு பிளஸ் 3 வரை மனிதர் வாயால் சொல்லும் பதிலை. இங்கே அந்த மனிதர்களே நேரில் வந்து "தாங்க முடியலைங்க" என்று சொன்னார்கள். அவர்கள் வாயை அடைக்க ஒரு மீட்டரைக் காட்டினோம்.

அந்த மீட்டரைச் சுவரிலிருந்து கழற்றி அயர்னிங் டேபிள் பக்கத்தில் வையுங்கள். கூடவே ஒரு கறுப்புப் பந்து. இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை. அந்தப் படத்தையும் போடுங்கள்.