மீன்காரரின் கையைப் பார்த்து முகம் சுளித்தவர்களுக்கு

சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் எடுத்த அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். மீன் வெட்டிய ஈரக் கையாலேயே பெரியவர் நோட்டை வாங்கி மீதிச் சில்லறை தருகிறார். மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தையில் ரொக்கத்தையே ஒழிக்க வேண்டும் என்கிறீர்கள். சரி, அது உங்கள் கருத்து. அவருடைய வயதையும் நகத்தையும் ஏன் இழுத்தீர்கள்?

நோட்டில் கிருமி இருக்கிறது. இல்லையென்று யார் சொன்னது? ஈகோலை, ஸ்டேஃபிலோகாக்கஸ் எல்லாம் பல நாட்டு நோட்டுகளில் கண்டிருக்கிறார்கள். ஆனால் பத்து நாடுகளின் உணவுக் கடைகளில் புழங்கிய நோட்டுகளைச் சோதித்து 2010இல் வெளியான ஆய்வு, பருத்தித் தாள் நோட்டைவிட பிளாஸ்டிக் நோட்டில் பொதுவாகக் கிருமி குறைவு என்றது. இங்கே சந்தையில் புரளும் 2, 5, 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டுகள் பெரும்பாலும் பாலிமர், அதாவது பிளாஸ்டிக்தான். 50, 100 வெள்ளிதான் இன்னும் தாள். கீரைக்கட்டுக்கு யார் 100 வெள்ளியை நீட்டுகிறார்கள்?

கை கழுவுவதுதான் விஷயம். பணம் தொட்ட கை, கழுவாமல் உணவைத் தொடக்கூடாது. அதிலும் பச்சை மீன் கொதிக்கும் குழம்பில் வேகப் போவது. வெட்டிய பழத்தையும் சுட்ட ரொட்டியையும் தொடும் கையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். 2009இல் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் ரோஜாக் என்ற கலவை உணவைச் சாப்பிட்ட 150க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். பச்சைக் கடலுணவிலிருந்து கிருமி பரவியிருக்கலாம் என்றுதான் அப்போது சொல்லப்பட்டது. நோட்டைக் குற்றம் சொல்லவில்லை.

"மீன் நாற்றமுள்ள நோட்டு அடுத்தவர் கைக்குத்தானே போகிறது?" என்பீர்கள். போகிறது. அந்த அடுத்தவரும் சாப்பிடும்முன் கை கழுவட்டும். மறுபடியும் அதையேதான் சொல்கிறேன், கை கழுவுங்கள். "கைத்தொலைபேசியில் பணம் அனுப்ப பேநவ் இருக்கிறதே" என்பவர்களுக்கு: கழிப்பறைக்குள்ளும் கொண்டுபோகும் கைத்தொலைபேசியைத் தினமும் துடைக்கிறீர்களா? பணம் வந்து சேர்ந்ததா என்று எழுத்துக்கூட்டிப் பார்க்கும் எழுபது வயதுக்காரரை வரிசையில் நின்று அவசரப்படுத்துவதும் நீங்கள்தானே?

என் அம்மா சந்தையில் காய்கறி விற்றவர். எந்நேரமும் தண்ணீரில் ஊறி அவர் விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கும். அந்தக் கையில் பட்டுவிடக்கூடாதென்று நோட்டைத் தக்காளிக் குவியலின்மேல் போட்டுவிட்டுப் போவோர் உண்டு. அம்மா ஒன்றும் பேசாமல் பொறுக்கி எடுத்து இடுப்புப் பையில் வைப்பார். பக்கத்தில் நின்ற எனக்குத் தொண்டை அடைக்கும். அவர்கள் பயந்தது கிருமிக்கா? அதே கை பொறுக்கிப் போட்ட கத்திரிக்காயை வீட்டுக்கு எடுத்துப் போனார்களே!

சுகாதாரம் பேசினால் உணர்ச்சிவசப்படுகிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆம், படுகிறேன். மீன் வரிசையில் இன்னும் சில குழாய்களும் சோப்பும் வேண்டுமென்று நகர மன்றத்துக்கு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. விடியுமுன் எழுந்து வந்து நிற்கும் மனிதரின் கையைப் படமெடுத்துச் சிரிப்பதாக இருந்தால், என் நட்புப் பட்டியலிலிருந்து நீங்களே விலகிக்கொள்ளுங்கள்.