கடல்சுவரைத் தட்டிப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும்

சிறு கடலோர ஊர் ஒன்றின் பொதுக் கரையைக் கவனிக்கும் தன்னார்வலர் குழுவில் ஆசிரியர், கணக்கர், வழக்கறிஞர் இருப்பதாக ஒரு கட்டுரையில் படித்தேன். மகிழ்ச்சி. ஆனால் மீனவரும் கொத்தனாரும் எங்கே?

பினாங்கில் பாடாங் கோத்தா, கர்னி டிரைவ் கடலோரம் நடக்கும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். கடல்சுவர் பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்துதான் கெடும். பின்னால் சேரும் நீர் வெளியேறச் சுவரில் விட்ட வடிதுளை அடைத்துக்கொண்டால் மழைநீர் உள்ளே தேங்கும்; கடல் வற்றும்போது எதிரே தாங்க நீர் இருக்காது, சுவர் முன்னால் தள்ளப்படும். விரிசல் வழியே மண் கரைந்தால் நடைபாதைக்கு அடியில் பொந்து விழும். மேலே கல் சீராகவே இருக்கும். சுத்தியலால் தட்டுங்கள், வெற்றுப் பானைச் சத்தம் கேட்கும். சுவரின் அடிப்பகுதியைப் பார்க்க அமாவாசை, பௌர்ணமி கழிந்து 1, 2 நாளில் வரும் பெரிய வற்றுதான் சரியான நேரம். அது மீனவருக்கு அத்துப்படி.

கைப்பிடிக் கம்பிக்கு விலை பார்த்து 304 ரக எவர்சில்வர் வாங்கிவிடுகிறார்கள். உப்புக்காற்றில் பழுப்புப் புள்ளி விழும். உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 ரகம் கேளுங்கள், போல்ட்டும் அதே ரகமாக. எவர்சில்வர் தகட்டில் துத்தநாகம் பூசிய போல்ட்டை முடுக்கினால் போல்ட்தான் முதலில் அரிக்கும்.

கணக்கர் அவசியம்தான். ஆனால் படகு, கடை வைத்திருக்கும் குழு உறுப்பினர் தமக்கு லாபமுள்ள குத்தகை பேசப்படும்போது வெளியே எழுந்து போகவேண்டும். அதையும் கூட்டக் குறிப்பில் எழுதிவையுங்கள்.