அது தயவுத்தொகை இல்லை

"விடுமுறைக்கு முன்னால் வேலை போனால் நிறுவனம் கொடுப்பது தயவு, பேசாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உழைத்த நாட்களுக்கான சம்பளம் உங்கள் பணம். முன்னறிவிப்பு இல்லாமல் அனுப்பினால் அதற்கு ஈடான தொகை தர வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 158ஆம் உடன்படிக்கை 1982இலேயே சொல்லியிருக்கிறது, கடுமையான ஒழுங்கீனம் மட்டும் விதிவிலக்கு. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை, சரி. அதனால்தான் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் நியமனக் கடிதத்தையும் முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

என்னை வேலையிலிருந்து அனுப்பியபோது கையெழுத்துக்காக நீட்டிய காகிதத்தின் கடைசிப் பக்கத்தில், "இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்ததால்தான் அது கண்ணில் பட்டது. எடுக்காத விடுப்புக்கான பணம் அவர்கள் போட்ட கணக்கிலேயே இல்லை. கேட்டேன், அப்புறம் சேர்த்துக் கொடுத்தார்கள்.