எழுத்துநடை கைரேகை அல்ல

‘ஒரு பத்தியைக் கொடுத்தால் போதும், எழுதியவர் யார் என்று கணினி கைரேகை போலத் துல்லியமாகச் சொல்லிவிடும்’ என்ற செய்தி பரவி வருகிறது. இது தவறு.

எழுத்துநடையை அளந்து ஆசிரியரைக் கண்டறியும் துறையின் புகழ்பெற்ற ஆய்வையே பாருங்கள். அமெரிக்க அரசமைப்புக்கு ஆதரவாக 1787-88இல் புனைபெயரில் வெளிவந்த 85 கட்டுரைகளில் 12 யாருடையவை, அமெரிக்க அரசியல் தலைவர்களான ஹாமில்டனுடையவையா மேடிசனுடையவையா, என்பதில் சர்ச்சை இருந்தது. புள்ளியியலாளர்கள் மோஸ்டெல்லரும் வாலஸும் 1964இல் வெளியிட்ட நூலில் அவை மேடிசனுடையவை என்று காட்டினார்கள். அவர்கள் எண்ணியது அரிய சொற்களை அல்ல. யாரும் கவனிக்காத சிறு இணைப்புச் சொற்களை. ‘அப்பான்’ (upon, ‘மீது’) என்ற ஆங்கிலச் சொல்லை ஹாமில்டன் ஆயிரம் சொற்களுக்கு ஏறக்குறைய 3 முறை எழுதினார். மேடிசனிடம் அது மிக அரிது. எவ்வளவு அழகான சான்று!

ஆனால் அங்கே போட்டி இருவருக்கு இடையேதான். ஒப்பிட இருவரின் எழுத்தும் ஏராளமாகக் கிடைத்தது. முடிவும்கூட நிகழ்தகவாகவே வந்தது. ஒரு பத்தியில் இத்தகைய சொற்கள் சிலவே வரும். அந்த எண்ணிக்கை தற்செயலாகவும் அமையலாம். உண்மையான ஆசிரியர் பட்டியலிலேயே இல்லாவிட்டால், எளிய ஒப்பீட்டுக் கருவி இருப்பவர்களில் நெருக்கமான ஒருவரைத்தான் காட்டும். கைரேகை மாறாது; நடையோ வயதோடும் பொருளோடும் மாறும், பிறர் அதைப் போலச் செய்யவும் முடியும். இத்தகைய முடிவை மட்டும் வைத்து ஒருவர்மீது பழி சுமத்துவது பெரும் அநீதி.