அவர் டீச்சர். முதலில் அதைச் சொல்லுங்கள்

ஆச்சியின் பதினாறாம் நாள் படத்திறப்பில் பேசப்பட்டதைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். நானும் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆனால் அந்தப் பேச்சு வீடியோவாகச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி, "அருமையான பேச்சு", "கண் கலங்கிவிட்டது" என்று பாராட்டு வேறு குவிகிறது. இனியும் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

படத்திறப்பில் பேசிய அந்தப் பெரியவர் என்ன சொன்னார்? "வேலைக்குப் போனாலும் ஒருநாள்கூட வீட்டு வேலையில் குறை வைக்காத உத்தமி." பத்து நிமிடப் பேச்சில் ஆச்சியின் சமையல் வந்தது, பொறுமை வந்தது, கணவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசாத குணம் வந்தது. பள்ளிக்கூடம் மட்டும் அந்த "வேலைக்குப் போனாலும்" என்ற இடத்தோடு முடிந்துபோனது. 1958 முதல் 1996 வரை தொடக்கப்பள்ளிகளில் பாடம் எடுத்த ஒருவருக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

அவர் டீச்சர். பஸ்ஸில், சந்தையில், ஆஸ்பத்திரியில் எங்கே போனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது. படத்திறப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பெண்கள் யார் என்று அந்தப் பெரியவருக்குத் தெரியுமா? அவர்கள் யாரும் ஆச்சியின் சமையலைச் சாப்பிட்டவர்கள் இல்லை. ஆச்சியிடம் படித்தவர்கள்.

கோவில்பட்டிப் பக்கம் எண்பதுகளில் எப்படி இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. விடியும் முன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி ஊருக்குள் வந்துவிடும். எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போவார்கள். போய்க் கட்டை அடுக்க வேண்டும், அதாவது தீக்குச்சிகளை மரச் சட்டத்தில் வரிசையாக அடுக்க வேண்டும். எத்தனை சட்டம் அடுக்குகிறார்களோ அத்தனைக்குத்தான் கூலி. போகாத பிள்ளைகள் வீட்டிலேயே பெட்டி ஒட்டுவார்கள். மானாவாரிக் கரிசல் பூமி. மழை பொய்த்துவிட்டால் அந்தப் பிள்ளைகள் கொண்டுவரும் காசில்தான் அடுப்பு எரியும். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. சட்டம் வந்த மறுநாளே வண்டி நின்றுவிடவில்லை.

ஆச்சியிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. இப்போது என்னிடம் இருக்கிறது. பள்ளி வருகைப் பதிவேடு வேறு, இது அவருடைய சொந்த நோட்டு. பள்ளிக்கூடம் வராமல் நின்றுபோன பிள்ளைகளின் பெயர், பக்கத்தில் வீட்டு அடையாளம், அதற்குப் பக்கத்தில் காரணம். "வேப்பமரத்து வீடு. கட்டை அடுக்க." "மடத்துக்குப் பின்னால். தம்பியைப் பார்க்க." "கிணற்றடி வீடு. வயசுக்கு வந்துவிட்டாள்." திரும்பி வந்த பிள்ளைக்குச் சிவப்பு மையில் ஒரு டிக். சில பெயர்களுக்கு டிக் போட்டு, அடித்து, மறுபடியும் போட்டிருக்கிறார். ஒரு பெயருக்கு நேரே எதுவும் இல்லாமல் "மறுபடி போக வேண்டும்" என்று மட்டும் இருக்கிறது. அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் அந்தப் பெரியவர் மைக்கைப் பிடித்து ரசத்தைப் பற்றிப் பேசியிருப்பாரா?

வீடு வீடாகப் போவார் ஆச்சி. காமராசர் காலத்து மதிய உணவு 1956-இல் எட்டயபுரத்தில், எங்களுக்குப் பக்கத்தில்தான் தொடங்கியது. அப்புறம் 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு. "சோறு போடுறாங்கம்மா, பிள்ளையை அனுப்பு" என்று ஆச்சி கேட்டால், "மத்தியானச் சோறு சரி டீச்சர், ராத்திரிக்கு?" என்று கேட்ட தாயும் உண்டு. அதற்குப் பதில் சொல்ல முடியாமல் திரும்பி வந்து இரவெல்லாம் தூங்காமல் கிடந்தார் என்று அம்மா சொல்வாள். மறுநாள் திரும்பவும் அதே வீட்டுக்குப் போனார். அதட்டவில்லை, உபதேசம் செய்யவில்லை. அந்தப் பிள்ளையின் வெடித்துப்போன விரல்நுனியைத் தாயிடம் காட்டி, "இந்தக் கை பென்சில் பிடிக்கட்டுமே" என்று மட்டும் கேட்டாராம். அந்தப் பிள்ளைதான் பதினாறாம் நாளில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா. கிராம செவிலியராக வேலை பார்க்கிறார். அவரை ஒரு வார்த்தை பேசச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

"நல்லெண்ணத்தில் பேசியதைப் பெரிதுபடுத்துகிறாயே" என்று ஒரு சித்தப்பா போன் செய்தார். நல்லெண்ணம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நல்லெண்ணத்தோடு ஒரு மனுஷியின் முப்பத்தெட்டு வருட உழைப்பை விழுங்கிவிட்டால் அது விழுங்கியது இல்லை என்று ஆகிவிடுமா?

"அப்படியென்றால் வீட்டு வேலை கேவலமா, மனைவியாக இருப்பது குறைவா" என்று இன்னொருவர். நான் எப்போது அப்படிச் சொன்னேன்? சரி, மனைவி என்றே பேசுவோம். அந்தப் பேச்சில் வந்த மனைவி யார் என்றே எனக்குத் தெரியவில்லை. மறுபேச்சு பேசாதவரா? தாத்தாவும் ஆச்சியும் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு போடும் சண்டை தெருமுனை வரை கேட்கும். வீட்டு வேலையில் குறை வைக்காதவரா? தாத்தாவுக்கு மில்லில் வேலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து காலையில் அடுப்பைப் பற்றவைத்தவர் அவர். கஞ்சி காய்ச்சி, துவையல் அரைத்து, ஆச்சிக்குத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்து அனுப்பியவர் அவர். ஆச்சியின் சமையல் சுமார்தான். அதைச் சொல்வதில் அவருக்கு என்ன அவமானம்? தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வரும் இடத்துக்கே போய்ப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இறக்க ஆச்சி கிளம்பியபோது, இருட்டில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு கூடப் போனவரும் தாத்தாதான். மனைவியைப் புகழ்கிறேன் என்று கிளம்பி, அவருக்குத் துணையாக நின்ற அந்த நல்ல மனுஷனையும் சேர்த்தல்லவா அழித்துவிட்டீர்கள்?

1985 ஆசிரியர் போராட்டத்தில் ஆச்சி சிறைக்குப் போனார். இன்று உத்தமி என்று பேசும் இதே சொந்தம் அன்றைக்கு என்ன பேசியது என்று அம்மாவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "ஜெயிலுக்குப் போன பொம்பளை வீட்டில் யார் சம்பந்தம் பேசுவார்கள்" என்றார்கள். தாத்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "களவாண்டுட்டா போனா?" அதோடு பேச்சு நின்றது. படத்திறப்பில் இதெல்லாம் ஏன் வரவில்லை? இது வந்தால் அந்தப் பேச்சில் சொன்ன ஆச்சி பொய்யாகிவிடுவார். அதனால்தான்.

1978-இல் சில தமிழ் எழுத்துகளின் வடிவத்தை மாற்றிய எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது ஆச்சிக்கு இருபது வருட அனுபவம். தும்பிக்கை போல் வளைந்த பழைய லை, னை எல்லாம் கையில் ஊறிப்போனவை. நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் புதிய எழுத்தை எழுதி எழுதிப் பழகினாராம், கரும்பலகையில் தப்பித் தவறிக்கூடப் பழையது வந்துவிடக் கூடாது என்று. கடைசி வரை மளிகைச் சீட்டில் பழைய லைதான் எழுதினார். பிள்ளைகளுக்கு எழுதும்போது மட்டும் ஒருமுறைகூடத் தவறவில்லை. குறை வைக்காதவர் என்று புகழ வேண்டுமா, இதோ இதைச் சொல்லிப் புகழுங்கள்.

"பேத்திக்கு இருக்கிற பாசத்தில் பேசுகிறாள்" என்பார்கள். ஆமாம், பாசம்தான். என்னை மடியில் வைத்துக்கொண்டு கதை சொன்ன ஆச்சி அவர். ஆனால் என்னைப் போலவே நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அ எழுதக் கையைப் பிடித்தவர். எனக்கு மட்டும் ஆச்சியாக அவரைச் சுருக்கிக்கொள்ள எனக்கே உரிமை இல்லை. அப்புறம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

ஊரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ்களைப் பாருங்கள். ஆண் என்றால் ஓய்வுபெற்ற தாசில்தார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், முன்னாள் கவுன்சிலர் என்று பெயருக்கு மேலேயே பதவி இருக்கும். பெண் என்றால் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார், இத்தனை பேரப்பிள்ளைகளின் பாட்டி. எங்கள் வீட்டு ஃப்ளெக்ஸிலும் அப்படித்தான் இருந்தது. அச்சடிக்கக் கொடுத்தவர்கள் படித்தவர்கள், ஆச்சி சம்பளத்தில் படித்தவர்கள். அந்த வலியை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

முதலாண்டு நினைவுநாள் அழைப்பிதழை நான்தான் எழுதப்போகிறேன். "ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியை" என்பது பெயருக்கு மேலே வரும், மற்ற உறவெல்லாம் அதற்குக் கீழே. அன்று முதலில் பேசப்போவது அந்த செவிலியர் அக்கா. அவரிடம் இப்போதே சொல்லிவிட்டேன். ஆட்சேபம் இருக்கிற சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், நேராக எனக்கே போன் செய்யுங்கள். ஆச்சியிடம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், எந்த ஊர்ப் பள்ளியில், எந்த வருஷம் என்று எழுதுங்கள். நோட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.