ஹுவாங்லியன் சேர்த்தால் குழந்தைப்பேறு கூடுமா?

‘கருத்தரிப்பு சிகிச்சையோடு சீன மூலிகை ஹுவாங்லியனும் எடுத்தால் பலன் கூடும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது தவறு.

அந்தக் கசப்பு வேரில் இருப்பது பெர்பெரின். நம்மூர் மரமஞ்சளுக்கு நிறம் தருவதும் அதேதான். பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ள 644 பெண்களிடம் சீனாவிலேயே இதைச் சோதித்தார்கள். முடிவு 2016-இல் வெளிவந்தது. கருமுட்டை வெளிவரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 36 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. பெர்பெரின் மட்டும் என்றால் 22. சரி, இரண்டும் சேர்ந்தால்? 34தான்.

ஏற்கெனவே கஷாயம் குடிக்கிறீர்களா? தயவுசெய்து மறைக்காதீர்கள், பொட்டலத்தையே மருத்துவரிடம் காட்டுங்கள். கரு தங்கிய பிறகு பெர்பெரின் வேண்டவே வேண்டாம். பிறக்கும் பிள்ளையின் மஞ்சள் காமாலையை அது கடுமையாக்கக்கூடும்.